மெத்தையக்காவின் இரண்டு விரல்கள்

அவளுக்கு மெத்தையக்கா என்று பெயர் வைத்தவர் ஒரு குழந்தையின் அப்பா. காப்பகத்து வாசலில் வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்த தன் மகளை ஒருநாள் காலையில் இவள் தோளில் மாற்றிப் போட்டார். அடுத்த நிமிடமே குழந்தை வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டது. "அக்கா, நீங்க ஆளா, மெத்தையா?" என்று கேட்டார் மனிதர். பக்கத்தில் நின்ற சமையல்காரம்மா சிரித்துத் தொலைக்க, அன்றிலிருந்து அதுவே பெயராக நிலைத்தது. உடம்பும் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் ஒத்துழைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. வேறொருத்தியாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பாள். இவளோ வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். "பாருடா, கட்டிக்கிட்ட எனக்கு இத்தனை வருஷமா இந்தப் பேரு தோணலையே" என்றார்.

காப்பகம் என்பது, வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகிற ஒரு மாடி வீடு. மேலே நடக்கிற குழந்தைகள், ஓடுகிற குழந்தைகள். கீழே பின்பக்கம் கைக்குழந்தை அறை. எட்டுத் தொட்டில், ஒரு நாற்காலி, பால்புட்டி வேகவைக்கும் பெரிய பாத்திரம், துணி மாற்ற ஒரு உயரமான மேசை. மெத்தையக்கா அங்கே தரை துடைக்கத்தான் வந்து சேர்ந்தாள். துடைக்கிறபோது அழுகிற குழந்தையைத் தூக்கக்கூடாது, கை ஈரம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தூக்கினாள். இப்படி நாலு தடவை மாட்டிக்கொண்டபிறகு, திட்டி அலுத்துப்போன, காப்பகத்தை நடத்துகிற மேடம் துடைப்பத்தை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு இவளைத் தொட்டிலுக்கு மாற்றினாள். அதற்கப்புறம் பதினான்கு வருஷம். பத்தாவதோடு படிப்பை விட்டவள், எந்தக் குழந்தை பசிக்கு அழுகிறது, எது சும்மா அழுகிறது என்பதைக் கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவாள்.

நடுவில் ஒரு சட்டம் வந்தது. குழந்தைகளைத் தொட்டு வேலை செய்கிற ஒவ்வொருவரும் முதலுதவிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று. நல்ல சட்டம்தான். ஆனால் பயிற்சி முழுநாள். காலையில் கைக்குழந்தைகளுக்கான பாடம், மதியம் பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்குமான பாடம். பாதிப்பேர் நாள் முழுக்கப் பயிற்சிக்குப் போய்விட்டால் தொட்டில்களை யார் பார்ப்பது? மேடம் பயிற்சி நடத்துகிறவர்களிடம் பேசினாள். "எங்க பின்னறைப் பொண்ணுங்க பாக்குறது எல்லாம் ஒரு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்க. பெரியவங்க பாடம் அவங்களுக்கு எதுக்கு? மதியம் அனுப்பிடுங்க, தூங்கவைக்கிற நேரம்." அவர்களும் சரியென்று, முழுநாள் வந்ததாகவே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். இப்படி ஒரு தடவை இல்லை, நாலு தடவை. யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. கதை சொல்கிற நமக்கு இன்றைக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் நாமும் சரி என்றுதான் தலையாட்டியிருப்போம்.

அரைநாள் பாடத்தை அவள் அரைகுறையாகப் படிக்கவில்லை. வீட்டில் துண்டைச் சுருட்டிக் குழந்தையாக்கித் தரையில் கிடத்திப் பழகுவாள். உள்ளங்காலில் சுண்டிக் கூப்பிட வேண்டும். மூச்சு இருக்கிறதா என்று கன்னத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தன் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னத்தில் அடங்குகிற காற்றை மட்டும் மெல்ல ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு விரல். முப்பது தடவை அழுத்தி இரண்டு தடவை ஊதி, மறுபடி முப்பது. "அந்தத் துண்டு பொழைச்சுதா இல்லையா, சொல்லு. நான் குளிக்கணும்" என்பார் புருஷன்.

ஒருமுறை பால்புட்டியின் மூடியைக் கடித்து விழுங்கப்போன குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் ஐந்து தட்டுத் தட்டி மூடியை வெளியே கொண்டுவந்தாள். அதன் தாய் இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் புருஷன் அதுவரை வாங்கிய சான்றிதழ்களை எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் வரிசையாக மாட்டினார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி, "எங்க வீட்டு டாக்டர்" என்பார். "போதுங்க, மானத்தை வாங்காதீங்க" என்று உள்ளே ஓடிவிடுவாள். உள்ளே போய் நின்று அவர் இன்னும் என்ன சொல்கிறார் என்று கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. வெளியே நல்ல வெயில். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தில் ஒட்டிய பெயிண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு மாதிரி இருக்கு" என்றார். யாருக்குச் சொன்னார் என்பதுகூடத் தெரியவில்லை. நாற்காலியோடு சரிந்துவிட்டார்.

அவள் அலறவில்லை. இதற்குத்தானே பதினோரு வருஷமாகப் பழகியிருக்கிறாள். உள்ளறையிலிருந்து ஓடிவந்த மகளிடம், "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுடி" என்றாள், குழந்தைகள் அறையில் பேசுகிற அதே நிதானக் குரலில். மண்டியிட்டாள். அவருடைய உள்ளங்காலில் சுண்டினாள். ஏணிப்படியில் நின்று நின்று காய்ப்பேறிய கால் அது. "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டாள். கன்னத்தை வைத்துப் பார்த்தாள், மூச்சில்லை. வாயால் அவருடைய வாயையும் மூக்கையும் சேர்த்து மூடினாள். பெரிய மூக்கு, அடங்கவில்லை. மீசையோரம் காற்று ஒழுகியது. மெல்ல இரண்டு ஊது ஊதினாள். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

எண்ணிக்கை ஒரு இடத்திலும் தப்பவில்லை. கதவருகே மகள் போனில் யாரிடமோ படபடவென்று பேசுவது காதில் விழுந்தது. பிறகு படியில் செருப்புச் சத்தம். வண்டிக்கு வழி காட்டத் தெருவுக்கு ஓடுகிறாள் என்று தெரிந்தது. இவள் முப்பது எண்ணி, ஊதி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஆறு மாதக் குழந்தையாக அவர் இருந்திருந்தால் அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் ஒருவன் அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினான். ஒரு கைமேல் ஒரு கை வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரம் மொத்தத்தையும் போட்டு அவர் நெஞ்சை அழுத்தினான். உள்ளே ஏதோ நெறிபடும் சத்தம் கேட்டது. "மெதுவா தம்பி, வலிக்கும்" என்று கத்தினாள். அவன் காதில் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து முதலில் தலையைத்தான் ஆட்டினார். பிறகு, "விழுந்த உடனே யாராவது நெஞ்சை அழுத்தினீங்களா?" என்று கேட்டார். மகள், "எங்கம்மா சார். ட்ரெயினிங் எடுத்தவங்க" என்றாள். "அப்ப செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சிருக்கீங்கம்மா" என்று டாக்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். புருஷனுடைய அண்ணன் சுவரில் இருந்த சட்டங்களைப் பார்த்துவிட்டு, "வேற வீடா இருந்தா ஒண்ணும் தெரியாம நின்னிருப்பாங்க. எந்தம்பிக்கு அந்தக் குறை இல்ல" என்று விசும்பினார். அவர் சொன்னதும் அவள் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அந்த ஆம்புலன்ஸ்காரனின் கைகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அது வேற முறை என்று சொல்லிக்கொள்வாள். அவங்க வண்டிக்காரங்க, அவங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பாங்க, வீட்டுல இருக்குறவங்க செய்றது நாம செஞ்சதுதான். கொஞ்ச நேரத்துக்கு நம்புவாள். மகளுடைய போனில் தேடிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. பதினோரு மாதமாக அதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்துகொள்ளாதவரை அவர் தன்னால் சாகவில்லை.

மகள்தான் இன்னொரு பயம். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வாய் ஓயாமல் பேசுகிற பெண். இப்போது வீட்டில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தாயின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. மகளுக்குத் தெரிந்துவிட்டது, அன்றைக்குக் கதவருகே நின்று பார்த்திருக்கிறாள், கேட்க மனசில்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு வேகிறாள் என்று மெத்தையக்கா முடிவுகட்டிக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் படாமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சான்றிதழ் புதுப்பிக்கிற தவணை வந்தது. "இந்தத் தடவை புது ஆளு. மதியமும் இருந்தே ஆகணுமாம். பெரியவங்க பொம்மையிலயும் செஞ்சு காட்டணும், இல்லன்னா கையெழுத்து இல்லைங்குறார்" என்றாள் மேடம்.

"எனக்கு உடம்பு சரியில்ல மேடம். அடுத்த தடவை போறேனே."

"அடுத்த தடவை எப்ப வருமோ. சர்டிபிகேட் இல்லாம ஒண்ணாந்தேதியிலிருந்து உங்களைத் தொட்டில் ரூமுக்குள்ள விட முடியாது. மாடியில துடைக்கிற வேலைதான் தர முடியும். யோசிச்சுக்கோங்கக்கா."

அந்த எட்டுத் தொட்டில்கள்தான் இந்தப் பதினோரு மாதமும் அவளைப் பிடித்துவைத்திருந்தன. போனாள்.

பயிற்சியாளர் முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மனிதர் கறார், ஆனால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். காலைப் பாடத்தில் அவள் குழந்தைப் பொம்மையைத் தொட்டதுமே, "எல்லாரும் இந்த அக்காவைப் பாருங்க, நான் பேசுறதை நிறுத்திக்கிறேன்" என்றார். மற்றப் பெண்கள் கைதட்டினார்கள். மூலையில் இன்னொரு பொம்மை கிடந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத ஆம்பளை உடம்பு. வந்திருந்த பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துக் கேலிசெய்தார்கள். "மாப்பிள்ளை நெஞ்சுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. போதுமான ஆழத்துக்கு அழுத்தினா டக்குனு சத்தம் வரும். சத்தம் வரலைன்னா ரத்தம் ஓடலைன்னு அர்த்தம். சாப்பிட்டுட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் பயிற்சியாளர்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டாள். நெஞ்சின் நடுவில் இரண்டு விரலை வைத்தாள். அன்றைக்கு அழுத்திய அதே அளவு அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. சத்தம் வரவில்லை. நகம் வெளுக்க, இன்னும் பலமாக அழுத்தினாள். பன்னிரண்டு, பதிமூன்று. காதைக் குனிந்து வைத்துக்கொண்டு அழுத்தினாள். முப்பதுவரை எண்ணி முடித்தாள். ஒரு தடவைகூட வரவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

"அக்கா, அது குழந்தை இல்லக்கா" என்றது பின்னால் ஒரு குரல். பயிற்சியாளர் சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். "கை பழக்கம் விடமாட்டேங்குது பாருங்க. ரெண்டு விரலை வெச்சீங்கன்னா நம்ம மாப்பிள்ளை எந்திரிக்கவே மாட்டான்."

அவள் திரும்பவில்லை. "யாராவது தெரியாம பெரியவங்களுக்கு இப்படிச் செஞ்சுட்டா?"

"செஞ்சும் செய்யாத மாதிரிதான். ஏன்க்கா?"

அவள் பொம்மையின் நெஞ்சிலிருந்து விரல்களை எடுக்காததைப் பார்த்து அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். டப்பாவைக் கீழே வைத்தார். "சரியாச் செஞ்சாலும் நிறைய பேரு பொழைக்கிறதில்லக்கா. நானே எத்தனையோ பேரை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷன், அவரால் முடிந்ததைச் சொன்னார். ஆனால் நிறைய பேர் என்றால் எல்லோரும் இல்லையே. பிழைக்கிற அந்தச் சிலபேரில் தன் புருஷனும் ஒருவராக இருந்திருக்கமாட்டார் என்று யார் சொல்ல முடியும்? அப்படிச் சொல்கிற உரிமையை அந்த இரண்டு விரல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

மதியம் அவள் முறை வந்தபோது ஒரு கைமேல் ஒரு கை வைத்தாள். முழங்கையை மடக்கவில்லை. மெத்தை என்று ஊரே கேலிசெய்த உடம்பின் பாரம் மொத்தமும் அவள் உள்ளங்கையில் இறங்கியது. டக். டக். டக். முப்பதுக்கு முப்பது. அறை முழுக்கக் கைதட்டல். முப்பது முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. நாற்பது, ஐம்பது. இவ்வளவுதானா, இது இவ்வளவு சுலபமா என்று நெஞ்சு கதறியது. "போதும்க்கா, பாஸ்" என்றார் பயிற்சியாளர். பிறகு பக்கத்தில் வந்து குனிந்து, "போதும்க்கா" என்று இன்னொரு முறை மெதுவாகச் சொல்லி அவள் கைகளைப் பிடித்து எடுத்துவிட்டார். அன்றைக்குத் தேர்ச்சியில் முதல் பெயர் அவளுடையது.

பஸ்ஸில் வரும்போது தீர்மானித்துவிட்டாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் அடித்தாலும் சரி, வீட்டைவிட்டுப் போனாலும் சரி. அவளுக்கும் தெரிந்ததுதானே, ஏன் இரண்டு பேரும் தனித்தனியாகச் சாக வேண்டும்? வார்த்தைகளைக்கூட அடுக்கிவைத்துக்கொண்டாள். என்னை மன்னிச்சிரு கண்ணு என்று ஆரம்பிக்க வேண்டும்.

மகள் வேலையிலிருந்து முன்னதாகவே வந்து அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாயைக் கண்டதும் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னிக்கு ட்ரெயினிங் முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது. உன்கிட்ட ஒண்ணு..."

"ரெண்டு கையையும் நெஞ்சு நடுவுல வெச்சு, கையை மடக்காம, முழு வெயிட்டையும் போட்டு அழுத்தணும். அதான சொல்லிக்குடுத்தாங்க?"

மெத்தையக்கா கிட்டே வந்தாள். "உனக்கு எப்படிடி தெரியும்?"

"அன்னிக்குப் போன்ல அந்தம்மா சொன்னாங்க." மகளுக்கு உதடு கோணிக்கொண்டது. "ஆம்புலன்ஸ்ல போன் எடுத்தாங்களே, அவங்க. 'நான் சொல்லச் சொல்ல அம்மாவுக்குக் கேக்குற மாதிரி சத்தமா சொல்லுங்க'ன்னாங்க. ரெண்டு கையால அழுத்தச் சொல்லுங்கன்னு திரும்பத் திரும்ப சொன்னாங்கம்மா. நான்தான், 'எங்கம்மா இதுக்குன்னே படிச்சவங்க, நாலு சர்டிபிகேட் இருக்கு, நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம், வண்டியை அனுப்புங்க'ன்னு கத்திட்டுக் கீழ ஓடிட்டேன். உன் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு வார்த்தை உன்கிட்ட சொல்லல."

அவள் தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல்முறை.

"பதினோரு மாசமா எனக்கு அந்தம்மா குரல்தாம்மா கேட்டுக்கிட்டே இருக்கு. உன்கிட்ட கேக்க பயமா இருந்துச்சு. நீ எப்படிம்மா அழுத்தின? நான் சொல்லாததால ஏதாவது தப்பாயிருச்சா? நான் சொல்லிருந்தா அப்பா இருந்திருப்பாரா?"

அடுக்கிவைத்த வார்த்தைகள் ஒன்றுகூட இப்போது உதவாது. உண்மையைச் சொன்னால் தன் நெஞ்சிலிருக்கும் பாரம் இறங்கும். இறங்குகிற பாரம் நேராக இந்தப் பெண்ணின் தலையில் போய் உட்காரும். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அப்பா பிழைத்திருக்கலாம் என்று காலம் முழுக்க அவள் சுமக்க வேண்டும். இருபத்துமூன்று வயசு. அவ்வளவு யோசிக்கக்கூட மெத்தையக்கா நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அட பைத்தியமே" என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்த? ரெண்டு கையாலதான்டி அழுத்தினேன். அந்தம்மா சொன்னாங்களே, அச்சு அசலா அப்படியேதான்."

"நிஜமாவா?"

"உங்கப்பா மேல சத்தியமா."

மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. மெத்தையக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னாள். ஒரு கைமேல் ஒரு கை வைத்தேன் என்றாள். முழங்கையை மடக்கவே இல்லை என்றாள். முழு பாரத்தையும் போட்டேன், முப்பதுக்கு முப்பது, ஒரு அழுத்துக்கூடத் தப்பவில்லை, அதற்குமேல் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, டாக்டரே சொன்னாரே என்றாள். சொல்லச் சொல்ல மகளின் விசும்பல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள் மகள்.

சொன்னாள்.